பேனரில் தூரிகை எழுத்து: தொடங்குபவர்களுக்கு ஒரு விளக்கம்

தீபாவளி நெருங்கினால் சிங்கப்பூரின் சிராங்கூன் சாலைப் பக்கம் பேனர்கள் ஏறத் தொடங்கிவிடும். நகைக்கடைத் தள்ளுபடி, சமூக மன்றத்துக் கலை நிகழ்ச்சி, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் கீழ்த்தளத்தில் குடியிருப்பாளர் விருந்து என எதற்குப் போட்ட பேனராக இருந்தாலும், ஆங்கிலத்தில் இருக்கும் பண்டிகைப் பெயர் பெரும்பாலும் ஒரே சாயலில்தான் இருக்கும். தூரிகையை மையில் தோய்த்து ஒரே வீச்சில் இழுத்ததுபோல வலப்பக்கம் சாய்ந்து, தடித்தும் மெலிந்தும் ஓடி, கடைசி எழுத்தில் வாலை நீட்டி நிற்கும். அதற்குக் கீழே அதே சொல் தமிழில், கணினி தானாகக் கொடுத்த எழுத்தில், விறைப்பாக நிற்கும்.

மேலே ஆடிக்கொண்டிருக்கும் அந்த எழுத்துக்குத்தான் பிரஷ் ஸ்கிரிப்ட் என்று பெயர். தமிழில் தூரிகை எழுத்துரு என்போம். பள்ளித் தமிழ் மன்றத்துக்கோ சொந்தக் கடைக்கோ கேன்வா என்ற இணைய வடிவமைப்புச் செயலியில் போஸ்டர் செய்யத் தொடங்குகிறவர்கள் முதலில் கை வைப்பது இதில்தான். சொதப்புவதும் பெரும்பாலும் இதில்தான். எழுத்துரு மோசம் என்று சொல்ல முடியாது. ஒரு வேலைக்கென்று செய்யப்பட்டதை ஒன்பது வேலைக்கு இழுக்கிறோம், அவ்வளவுதான்.

எழுத்துருக்களில் வாசிப்பதற்கென்று செய்தவை ஒரு வகை, பார்ப்பதற்கென்று செய்தவை இன்னொரு வகை. செய்தித்தாள் பத்தியிலும் புத்தகப் பக்கத்திலும் கண் எழுத்தின் அழகில் தடுக்கி நிற்கக் கூடாது. பொருளை எடுத்துக்கொண்டு போய்க்கொண்டே இருக்க வேண்டும். கடைப்பெயர், போஸ்டர் தலைப்பு, இனிப்புப் பெட்டியின் முகப்பு ஆகியவற்றில் நிலைமை தலைகீழ். அங்கே கண் நிற்க வேண்டும். இப்படிப் பெரிய அளவில், சில சொற்களுக்கு மட்டும் போடும் எழுத்தை டிஸ்பிளே எழுத்து என்பார்கள். தூரிகை எழுத்துரு அந்தக் குடும்பத்தில் கொஞ்சம் சத்தமாகப் பேசும் பிள்ளை.

தூரிகை எழுத்தின் அழகு கோட்டின் தடிப்பு மாறுவதில் இருக்கிறது. கூர்முனைத் தூரிகையில் அழுத்தினால் கோடு தடிக்கும், தூக்கினால் மெலியும். கை கீழே இறங்கும்போது அழுத்துவதும் மேலே ஏறும்போது தூக்குவதும் இயல்பு என்பதால், இறங்கும் கோடுகள் தடித்தும் ஏறும் கோடுகள் மெலிந்தும் அமையும். பலகை எழுதுபவர்கள் பயன்படுத்தும் தட்டைத் தூரிகையின் குணம் வேறு. அதில் தூரிகையைப் பிடிக்கும் கோணமும் கோடு போகும் திசையும் சேர்ந்து தடிப்பைத் தீர்மானிக்கும். மை தீரத் தீரக் கோட்டின் ஓரம் பிசிறும். உள்ளே வெள்ளைக் கீற்றுகள் தெரியும். இத்தனையையும் ஒரு முறை பதிவு செய்து, விசைப்பலகையில் தட்டினால் வரும்படி வைத்திருப்பதுதான் தூரிகை எழுத்துரு.

உலோக அச்சுக் காலத்திலேயே இதை முயன்றிருக்கிறார்கள். அமெரிக்கன் டைப் ஃபவுண்டர்ஸ் நிறுவனம் 1942இல் ராபர்ட் ஸ்மித் வடிவமைத்த பிரஷ் ஸ்கிரிப்ட்டை வெளியிட்டது. அது பிற்காலத்தில் மைக்ரோசாஃப்ட் ஆபிஸோடும் மேக் கணினிகளோடும் சேர்ந்தே வந்ததால், உலகத்துத் திருமண அழைப்பிதழ்களில் பாதியில் அது புகுந்துவிட்டதோ என்று தோன்றும் அளவுக்குப் பரவியது. ஈய அச்சில் ஒவ்வோர் எழுத்தும் தனித்தனிச் செவ்வகக் கட்டை. ஒரு கட்டையில் முடியும் கோடு, அடுத்த கட்டையில் தொடங்கும் கோட்டை மயிரிழை பிசகாமல் தொட்டால்தான் சேர்த்தெழுதியதுபோல் இருக்கும். எந்த எழுத்துக்குப் பக்கத்தில் எந்த எழுத்து வந்து உட்காரும் என்று முன்கூட்டித் தெரியாது. ரோஜர் எக்ஸ்காஃபோன் என்ற பிரெஞ்சு வடிவமைப்பாளர் தம் சொந்தக் கையெழுத்தை அடிப்படையாக வைத்து, மார்சேய் நகரத்து ஒலிவ் வார்ப்பகத்துக்காக 1953இல் செய்த மிஸ்ட்ரல் அந்தச் சிக்கலை அசாத்தியமாகக் கையாண்டது. தென் பிரான்சில் அடிக்கும் பலத்த காற்றின் பெயர் அதற்கு. இன்றைக்கும் பழைய கடைப்பலகைகளிலும் ஸ்டிக்கர்களிலும் அதைப் பார்க்கலாம்.

கணினி எழுத்துருவுக்கு வேறொரு தலைவலி. தேக்கா என்ற இடப்பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் நடுவே இரண்டு கே அடுத்தடுத்து வரும். மனிதக் கை எழுதினால் இரண்டும் ஒன்றுபோல் இருக்காது; ஒன்றின் கால் கொஞ்சம் நீளும், இன்னொன்றின் வயிறு கொஞ்சம் ஒடுங்கும். சாதாரண எழுத்துருவில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றாக நிற்கும். மைக்கீற்றுகூட அதே இடத்தில் இருக்கும். அந்த நொடியில் வேஷம் கலைந்துவிடும். பார்ப்பவருக்கு ஏன் என்று சொல்லத் தெரியாவிட்டாலும் ஏதோ மலிவாக இருக்கிறதே என்று படும்.

மைக்ரோசாஃப்டும் அடோபியும் 1996இல் அறிவித்த ஓபன்டைப் முறை இதற்கு வழி செய்தது. ஓர் எழுத்துக்குப் பல வடிவங்களை ஒரே கோப்புக்குள் வைத்து, பக்கத்தில் என்ன எழுத்து இருக்கிறது என்று பார்த்து மாற்றிப்போட அதில் முடியும். 2010இல் அர்ஜென்டினாக்காரர் பாப்லோ இம்பல்லாரி வெளியிட்ட லாப்ஸ்டர் எழுத்துரு, எழுத்து இணைகளுக்கென்று தனித்தனி வடிவங்களை நிறைய வரைந்து வைத்ததால்தான் பிரபலமானது. இலவசமாகவும் இருந்ததால் அளவுக்கு மீறிப் பிரபலமாகி, இப்போது அதைக் கண்டாலே டிசைனர்கள் முகம் சுளிக்கிறார்கள். நீங்கள் ஓர் எழுத்துருவை வாங்கும் முன் பார்க்க வேண்டியது இதைத்தான்: மாற்று வடிவங்கள் இருக்கின்றனவா, நீங்கள் பயன்படுத்தும் மென்பொருள் அவற்றைக் காட்டுமா? மாற்று வடிவமே இல்லாத தூரிகை எழுத்துருவைப் போடுவதானால் எழுத்து இரட்டிக்காத சொல்லாகத் தேர்ந்தெடுங்கள்.

போடும் முறை

ஒரு போஸ்டரில் தூரிகை எழுத்து ஒரு சொல்லுக்கு, மிஞ்சினால் மூன்று சொல்லுக்கு. இதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். நாள், நேரம், இடம், புளோக் எண், தொலைபேசி எண் எதற்கும் அது வேண்டாம். தூரிகை எழுத்தில் ஒன்றும் ஏழும் ஒன்றுபோல் தெரிந்து, விருந்தாளி பக்கத்து புளோக்கில் போய் நிற்பார். விவரங்களுக்கு ஆர்ப்பாட்டமில்லாத, நேரான, தடிப்பு மாறாத எழுத்துரு போதும். இரண்டு தூரிகை எழுத்துருக்களை ஒரே போஸ்டரில் சேர்த்தால் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பாடுவதுபோல் ஆகிவிடும்.

ஆங்கிலத்தில் முழுச்சொல்லையும் பெரிய எழுத்தில் (கேப்பிட்டலில்) அடிக்காதீர்கள். சேர்த்தெழுதும் வகைத் தூரிகை எழுத்துருக்களில் பெரிய எழுத்துகள் சொல்லின் தலையில் ஒன்றாக நிற்பதற்கு வரையப்பட்டவை. எட்டு வளைவுகள் அடுத்தடுத்து நின்றால் ஒன்றும் படிக்க வராது. எழுத்திடைவெளியைக் கூட்டுவதும் கூடாது. சேர்ந்திருந்த கோடுகள் வெட்டுப்பட்டு நிற்கும். அடோபி மென்பொருள்களில் கெர்னிங் (இரண்டு எழுத்துக்கு இடையிலான இடைவெளி) என்ற இடத்தில் ஆப்டிகல் என்று இருந்தால் அதை மெட்ரிக்ஸ் என்று மாற்றுங்கள். எழுத்துகள் எங்கே தொட வேண்டும் என்று வடிவமைப்பாளர் கணக்குப் போட்டு வைத்திருப்பார்; ஆப்டிகல் அந்தக் கணக்கை அழித்துவிட்டுத் தானாக ஒன்று போடும். இணைப்புகள் விட்டுப்போவதற்கு முக்கால்வாசி இதுதான் காரணம். எழுத்தைச் சுற்றி வெளிக்கோடு போட வேண்டுமானால் முதலில் எழுத்துகளை வடிவமாக மாற்றி ஒன்றாக இணைத்துவிடுங்கள். இல்லையென்றால் ஓர் எழுத்து இன்னொன்றின்மேல் ஏறும் இடமெல்லாம் தையல் தெரியும்.

அளவுக்கு, பலகை செய்பவர்களிடம் ஒரு கைக்கணக்கு உண்டு. பார்ப்பவர் நிற்கும் தூரத்தில் ஒவ்வொரு 3 மீட்டருக்கும் எழுத்தின் உயரம் 2.5 செ.மீ. இருந்தால் நன்றாகத் தெரியும். சாலைக்கு அந்தப் பக்கம் 12 மீட்டரில் இருப்பவருக்கு 10 செ.மீ. இது நேரான, தெளிவான எழுத்துக்கான கணக்கு. தூரிகை எழுத்துக்கு நான் ஒன்றரை மடங்கு வைப்பேன். பொதுவாக 85 செ.மீ. அகலத்தில் வரும் இழுத்து நிறுத்தும் பேனரில் நீளமான சொல்லைப் போட்டால் அகலம் போதாமல் எழுத்து சிறுத்துவிடும். அப்போது பலரும் செய்வது, சொல்லைப் பிடித்து மேலும் கீழுமாக இழுப்பது. இழுத்த மாத்திரத்தில் படுக்கைக் கோடுகள் தடித்து, செங்குத்துக் கோடுகள் மெலிந்தபடியே இருக்கும். எந்தத் தூரிகையும் அப்படி எழுதாது. சொல்லைக் கொஞ்சம் சாய்த்து வையுங்கள், அல்லது இரண்டு வரியாக உடையுங்கள்.

பிசிறு விளிம்பு உள்ள எழுத்துருக்களுக்குத் தனி எச்சரிக்கை. திரையிலும் காகிதத்திலும் அவை அழகு. அதே எழுத்தைக் கண்ணாடிக் கதவில் ஒட்ட வினைல் ஸ்டிக்கராக வெட்டக் கொடுத்தால், வெட்டும் இயந்திரத்தின் கத்தி ஒவ்வொரு மைத்துளியையும் சுற்றி வரும். பிறகு ஒருவர் உட்கார்ந்து இடுக்கியால் தேவையில்லாத துணுக்குகளை ஒவ்வொன்றாகப் பிய்த்தெடுக்க வேண்டும். எள்ளளவு துண்டுகள் கண்ணாடியில் நிற்கவும் நிற்காது. ஒரு வாரத்தில் உதிரும். வெட்டும் வேலைக்கு விளிம்பு வழவழப்பான தூரிகை எழுத்துருவைத் தேர்ந்தெடுங்கள். எல்இடி நியான் பலகைக்கு அதுவும் உதவாது. குழாயின் தடிப்பு ஒன்றுதான் என்பதால் தடிப்பு மாறாத எழுத்துதான் வேண்டும்.

எந்தத் தூரிகை, யாருடைய தூரிகை

சிங்கப்பூரில் தூரிகை என்றாலே பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது சீன எழுத்து. தூரிகைக் கலைக்குப் பெயர்பெற்ற பான் ஷௌ (1911–1999) வாழ்ந்த ஊர் இது. சைனாடவுன் பக்கம் நடந்தால் பழைய சங்கங்களின் பெயர்ப்பலகைகளில் உண்மையான தூரிகைக் கையைப் பார்க்கலாம். அதனால், ஆங்கில எழுத்தைச் சீனத் தூரிகை வீச்சில் கத்தி கத்தியாக வெட்டிவைத்திருக்கும் எழுத்துருவைத் தீபாவளிப் பேனரில் போட்டால் பார்ப்பவருக்குச் சீனப் புத்தாண்டு வாடை அடிக்கும். அந்த வகை எழுத்துருக்கள் சீனர்களுக்கே அவ்வளவாகப் பிடிப்பதில்லை என்பது வேறு கதை.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் இன்னொன்று. ஆங்கில எழுத்துக்கு மேலே ஒரு கோட்டை இழுத்து, இந்தி எழுத்து தொங்குவதுபோல் செய்த எழுத்துருக்கள். தோசைக் கடைப் பலகைகளில்கூட அவற்றைப் பார்க்கிறேன். தமிழ் எழுத்தில் அப்படியொரு தலைக்கோடே கிடையாது. இந்தியச் சாயல் வேண்டும் என்று கேட்ட வாடிக்கையாளருக்கு யாரோ அவசரத்தில் கொடுத்தது வழக்கமாகிவிட்டது.

தமிழுக்கு வரும்போது

ஓலையில் எழுத்தாணியால் கீறிய காலத்தில் தமிழ் எழுத்துக்குத் தடிப்பு, மெலிவு என்று எதுவும் பெரிதாக இல்லை. எழுத்தாணி போன வழியெல்லாம் ஒரே கீறல். தூரிகையால் எழுதி வளர்ந்த சீன எழுத்தில் எங்கே அழுத்துவது, எங்கே தூக்குவது என்பதெல்லாம் இலக்கணமாகவே இருக்கிறது. தமிழில் அதைச் சுவர் எழுதியவர்களும் சினிமா பேனர் வரைந்தவர்களும் பத்திரிகைத் தலைப்பு எழுதிய ஓவியர்களும் ஆளுக்கொரு விதமாகக் கண்டுபிடித்துக்கொண்டார்கள். அதனால் தமிழில் தூரிகை எழுத்து எழுதுபவருக்குச் சுதந்திரம் அதிகம். தப்பு செய்யவும் இடம் அதிகம்.

ஆரம்பத்துக்கு, கை போகும் வழியைப் பின்பற்றினால் போதும். ‘ப’வை எப்படி எழுதுகிறோம்? மேலே தொடங்கிக் கீழே இறங்கி, வலப்பக்கம் போய், மேலே ஏறுகிறோம். இறங்கும் இடக்கோடு தடிக்கட்டும், ஏறும் வலக்கோடு மெலியட்டும். ‘ட’வில் இறங்கும் கோடு தடித்து, வலப்பக்கம் ஓடும் அடிக்கோடு மை தீர்ந்து பிசிறிக்கொண்டே போகலாம், அந்த ஒரு கோட்டிலேயே தூரிகை தெரிந்துவிடும். ‘அ’வில் கடைசியாக இறங்கும் வலப்பக்கக் கோடுதான் எழுத்தின் முதுகெலும்பு, அங்கே அழுத்துங்கள்.

தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து இல்லை. ஆங்கிலச் சொல்லில் முதல் எழுத்து செய்யும் ஆர்ப்பாட்டத்தைத் தமிழில் வேறு உறுப்புகள்தான் செய்ய வேண்டும். ‘தீபாவளி’யை எழுதிப் பாருங்கள். ‘தீ’யின் சுழி மேலே எழும்பும், ‘த’வின் வால் கீழே இறங்கும். ‘பாவ’ இரண்டும் மட்டமாக அடக்கி வாசிக்கும். கடைசியில் ‘ளி’யின் விலங்கு (இகரக் குறி) மறுபடி மேலே எழும்பும். இரண்டு முனையிலும் உயர்ந்து நடுவில் தாழ்ந்த ஒரு வடிவம் சொல்லுக்குள்ளேயே தயாராக இருக்கிறது. ‘தீ’யின் சுழியைக் கொஞ்சம் பெரிதாக்கி, ‘ளி’யின் விலங்கைப் பின்பக்கம் வீசினால் வேறு அலங்காரமே வேண்டாம். நடுவில் இருக்கும் பள்ளத்தில் ஒரு விளக்கை உட்கார வைக்கிறவர்களும் உண்டு. கொஞ்சம் பழகிப்போன உத்திதான், ஆனால் இடம் பொருந்துவதால் ஒவ்வொரு வருஷமும் எடுபடுகிறது. ‘வணக்கம்’ அப்படி வசதியான சொல் இல்லை. மேலே எழும்பும் சுழி ஒன்றும் கிடையாது, இரண்டு புள்ளிகள் மட்டும். அங்கே அகலமான ‘ண’வை வைத்துத்தான் விளையாட வேண்டும்.

விளையாட்டுக்கு எல்லை உண்டு. மூன்று சுழி ‘ண’வுக்கும் இரண்டு சுழி ‘ன’வுக்கும் வித்தியாசம் சுழியின் உள்ளே இருக்கும் சின்ன வெள்ளை இடம்தான். தடித்த தூரிகையில், சின்ன அளவில், அந்த இடம் மையால் அடைபட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். ‘ர’வின் கீழ்வாலை மறந்தால் அது கால் ஆகிவிடும். புள்ளியைத் தூரிகையால் ஒரு தட்டு தட்டினால் அழகாகத்தான் இருக்கும். ஆனால் அது அடுத்த எழுத்தின் தலைமேல் நகர்ந்தால் ‘ம்’ என்பது ‘ம’ ஆகும். பழைய சாயல் வேண்டும் என்று 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய, தும்பிக்கை வைத்த ‘லை’, ‘ளை’ வடிவங்களைப் போடுபவர்களும் இருக்கிறார்கள். உணவகச் சுவரில் அது அழகு. பள்ளிப் பிள்ளைகளுக்கான நிகழ்ச்சியில் வேண்டாம், அவர்கள் அதைப் படித்ததே இல்லை.

இரண்டு வரித் தலைப்பில் மேல்வரியின் ‘த’, ‘ர’ வால்களும் கீழ்வரியின் விலங்குகளும் முட்டிக்கொள்ளும். ஆங்கிலத்துக்கு வைத்த வரி இடைவெளியை அப்படியே தமிழுக்கு வைக்காதீர்கள்.

தமிழில் எழுத்துருத் தேடும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஆங்கிலத் தூரிகை எழுத்துருவைத் தேர்ந்தெடுத்துவிட்டுத் தமிழில் தட்டினால், அதில் தமிழ் எழுத்துகளே இல்லாததால் மென்பொருள் சத்தமில்லாமல் வேறொன்றை மாட்டிவிடும். விண்டோஸில் அது லதாவாகவோ நிர்மலாவாகவோ இருக்கும். ஆரம்பத்தில் சொன்ன விறைப்பான தமிழ் பெரும்பாலும் இப்படி வந்ததுதான். கூகுள் ஃபான்ட்ஸில் தமிழ் என்று வடிகட்டித் தேடினால் தாரிக் அசீஸ் வடிவமைத்த கவிவாணர் கிடைக்கும். பேனாவால் சாய்த்து எழுதிய சாயல். கனமான, உருண்டையான தலைப்புக்கு ஏக் டைப் குழுவின் பலூ தம்பி இருக்கிறது. இரண்டும் நல்லவை, ஆனால் அசல் தூரிகை வீச்சு அவற்றில் இல்லை.

அந்த வீச்சோடு இணையத்தில் கிடைக்கும் தமிழ் எழுத்துருக்களில் பல, எல்லா மொழி எழுத்துக்கும் தனி எண் கொடுக்கும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடுக்கு முந்திய முறையில் செய்தவை. ஆங்கில எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்திருப்பார்கள். ஆளுக்கொரு குறியீட்டு முறை வைத்திருந்த அந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 1997இல் தமிழ்க் கணிமை முன்னோடி நா. கோவிந்தசாமி முன்னின்று இதே சிங்கப்பூரில் தமிழ்நெட் மாநாடு நடந்தது. அச்சிடும் படத்துக்கு மட்டும் பழைய எழுத்துருவைப் பயன்படுத்தினால் பெரிய நஷ்டமில்லை. இணையப் பக்கத்திலோ, எழுத்தைப் படித்துச் சொல்லும் செயலி திறக்கக்கூடிய கோப்பிலோ போட்டால் அங்கே இருப்பது தமிழே இல்லை, ஆங்கில எழுத்துக் குப்பைதான்.

ஆகவே என் யோசனை: ஒரே ஒரு சொல்தானே, கையாலேயே எழுதிவிடுங்கள். பிராஸ் பசா காம்ப்ளெக்ஸில் ஓவியப் பொருள் விற்கும் இடத்தில் பிரஷ் பேனா கிடைக்கும். வெள்ளைத் தாளில் பெரிதாக, இருபது முப்பது தடவை அதே சொல்லை எழுதுங்கள். முதல் சில தடவை கை பயந்து எழுதும். பிறகு சொல்லின் ஓட்டம் பிடிபடும். ஒன்றில் ‘தீ’ நன்றாக இருக்கும், இன்னொன்றில் ‘ளி’. இரண்டையும் வெட்டிச் சேர்ப்பதில் தவறே இல்லை, தலைப்பு எழுதுபவர்கள் செய்வதுதான். 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து, இல்லஸ்ட்ரேட்டரிலோ இலவசமாகக் கிடைக்கும் இங்க்ஸ்கேப்பிலோ கோட்டுருவமாக மாற்றினால் எந்த அளவுக்கும் பெரிதாக்கலாம். ஆங்கிலச் சொல்லையும் அதே பேனாவால் எழுதிவிட்டால் இன்னும் நல்லது. மேலே ஆங்கிலம் ஆட, கீழே தமிழ் அட்டென்ஷனில் நிற்கும் காட்சியே இருக்காது. பக்கத்துவீட்டுத் தாத்தாவின் கையெழுத்து அழகாக இருந்தால் அவரிடம் பேனாவைக் கொடுங்கள்.

எழுத்துருவையே பயன்படுத்துவதானால் அதன் உரிமத்தைப் படியுங்கள். சொந்த உபயோகத்துக்கு மட்டும் இலவசம் என்று போட்டிருப்பதைக் கடைப் பேனரில் போட முடியாது. கூகுள் ஃபான்ட்ஸில் இருப்பவை திறந்த உரிமத்தில் வருவதால் வியாபாரத்துக்கும் பயன்படுத்தலாம்.

அச்சகத்துக்கு அனுப்பும் முன் எழுத்துகளை அவுட்லைனாக (எழுத்துரு தேவைப்படாத வடிவமாக) மாற்றுங்கள். மாற்றாத பிரதி ஒன்றையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அடோபி மென்பொருள் என்றால் பத்தி அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்கான கம்போஸரை (எழுத்துகளைச் சேர்த்து அடுக்கும் அமைப்பை)த் தேர்ந்தெடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். இன்டிசைனில் அதன் பெயர் வேர்ல்டு ரெடி. அதை விட்டுவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், ‘கொ’ மூன்று துண்டாகும். அச்சகத்தில் கோப்பைத் திறப்பவருக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டும் என்றில்லை. அவர் கண்ணுக்கு எல்லாம் சரியாகத்தான் படும். அங்கிருந்து திரும்பி வரும் பிடிஎஃப்பை, போஸ்டரில் கை வைக்காத, தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். அவர் எந்தச் சொல்லில் தயங்குகிறாரோ, அந்தச் சொல்லை மட்டும் மாற்றி எழுதினால் போதும்.